கண் தீட்டாத குதிரை

"பாம்... பாம்ம்..." என்று கரி பஸ்ஸின் ஹாரன் பள்ளிக்கூட வாசலில் அலறியது. மரியசெல்வம் டீச்சரின் கையிலிருந்த காவிக் கிண்ணம் நழுவித் தரையில் உருண்டது.

யுத்தம் வந்து பெட்ரோல் அரிதான பிறகு, அந்த பஸ் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில்தான் ஓடியது. அரிமளத்தை விட்டுக் கிளம்பினால் இந்த ஊரில் அது நிற்பதே இல்லை. கை காட்டினாலும் நிற்காது. அடுப்புச் சூடு தணிந்துவிட்டால் மறுபடி கிளப்ப வேண்டுமே என்று டிரைவருக்குப் பயம். அப்படிப்பட்ட பஸ் நின்றிருக்கிறது என்றால், யாரோ அதிகாரி இறங்குகிறார் என்று அர்த்தம்.

தலைமை ஆசிரியர் ரெங்கராஜ், பாதி கட்டிய தலைப்பாகையோடு ஓடி வந்தார்.

"டீச்சர்! இன்ஸ்பெக்டரு! வியாழக்கிழமைதான் வருவேன்னாரு, இன்னைக்கே வந்து எறங்கிட்டாரு! மொதல்ல இந்தச் சாயப்பட்டறையெ மூடுங்க!"

"எப்படி சார் மூடறது? புள்ளைங்க கையைப் பாருங்க."

ரெங்கராஜ் பார்த்தார். குழந்தை வகுப்பின் இருபது சொச்சம் பிள்ளைகளும் காவியும் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் மட்டுமா? மூக்கில், காதில், ஒருவனுக்கு நாக்கிலும்.

"கழுவச் சொல்லுங்களேன்!"

"கிணத்துல வாளி இல்லை. நேத்தே சொன்னேன்."

"என் தலையெழுத்து! நான் என் கிளாஸுக்குப் போறேன். ஒரு பயலுக்கும் பதினாறாம் வாய்ப்பாடு வராது. நீங்க எப்படியாச்சும் சமாளிங்க டீச்சர்." அவர் அடுத்த அறைக்குள் புகுந்தார். சற்று நேரத்தில் அங்கிருந்து "பதினாறு" என்ற கூச்சல் சுவரைத் தாண்டி வர ஆரம்பித்தது.

மரியசெல்வம் குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். எழுந்தபோது இடுப்பு வலித்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது. பார்த்தவர்கள் ஐந்தாறு கூட்டிச் சொல்வார்கள். திருச்சி பாலக்கரையில் பிறந்தவள். அங்கேயே கன்னியர் மடத்துப் பள்ளியில் பயிற்சி முடித்தவள். கணவன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன். அஸ்ஸாம் பக்கம் இருக்கிறான் என்று கேள்வி. போன ஆடியில் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தாள். வந்த நாள் முதல் அவள் சரியாகத் தூங்கியதில்லை. தலைவலி ஒரு பக்கம், தாள் வேலை ஒரு பக்கம்.

அந்தத் தாள் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியவர்கள். ஆள்காட்டி விரலால் அழுத்தி 'அ' போடச் சொன்னால் மலைபோல் போடுவார்கள். பலப்பத்தைக் கையில் கொடுத்தாலோ, ஆட்டுக்கால் பிடிப்பதுபோல் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிப்பார்கள். எழுத்து சிலேட்டை விட்டு வெளியே ஓடும். பலப்பம் மளுக்கென்று ஒடியும். யுத்த காலத்தில் பலப்பமும் லேசில் கிடைக்காது.

விரலுக்குப் பலம் இருக்கிறது, பதம் இல்லை என்று மரியசெல்வத்துக்குத் தோன்றியது. எழுத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தாள். கடைகளில் கெஞ்சிப் பழைய செய்தித்தாள் வாங்கி வந்தாள். வர்ணம் ஊறாமல் இருக்க அதைக் கேழ்வரகுக் கஞ்சியில் தோய்த்துக் காயப்போட்டாள். விளக்குக் கரியால் அதில் உருவம் வரைந்தாள். ஈச்சங்குச்சியின் நுனியை மென்றால் தூரிகை. காவிக்கல், மஞ்சள், துணிக்குப் போடும் நீலம் எல்லாம் வர்ணம். கோட்டைத் தாண்டாமல் உள்ளே பூச வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

முதலில் பெரிய பூசணிக்காய். பிறகு கத்திரிக்காய். பிறகு வெற்றிலை, குடை, பனம்பழம். கை படியப்படிய உருவம் சிறுத்துக்கொண்டே வந்தது. தை மாதத்தில் சுண்டைக்காய்க் கொத்து வரைந்தாள். பெரிய கோட்டுக்குத் தோளிலிருந்து கை வீசியவர்கள், சின்னக் கோட்டுக்கு மணிக்கட்டைத் தரையில் ஊன்றி விரலை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டபின் இந்தத் தாள்களைத் தோய்ப்பதும் உலர்த்துவதும் வரைவதுமாக அவளுடைய மாலைகள் போயின. கை கஞ்சி நாறியது. விரல் முட்டி வீங்கியது. யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. 'டீச்சர் புள்ளைகளெ வெள்ளையடிக்கப் பழக்குது' என்று ஊரில் கேலி வேறு.

"டீச்சர், வீரய்யா குச்சியெத் திங்கிறான்!" என்றாள் முன்வரிசையிலிருந்த சின்னப்பிள்ளை என்ற சிறுமி. ஊர் நியாயம் முழுவதும் தன் தலையில் இருப்பதாக நினைக்கும் பெண் அவள்.

"நாந் திங்கல. மென்னுக்கிட்டுருக்கேன்."

"முழுங்கிட்டான் டீச்சர். நாளைக்கு வயித்துல ஈச்சமரம் மொளைக்கும்."

"மொளைச்சா ஒனக்குப் பழம் தரமாட்டேன் போ."

மரியசெல்வத்துக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வீரய்யாவைப் பார்த்தாள். இன்றைய கவலை முழுவதும் அவன்தான்.

ஆறு வயது. குழந்தை வகுப்பிலேயே இரண்டாம் வருஷம். போன வருஷம் இன்ஸ்பெக்டர் அவன் சிலேட்டைப் பார்த்து, "இது எழுத்தா, நண்டு போன தடமா?" என்று கேட்டு நிறுத்தி வைத்துவிட்டுப் போனார். குழந்தை வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு ஏற்றும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். அவன் தாய் மூக்காயி நாற்று நடுகிற கூலிக்காரி. இன்று காலையில்தான் அவள் பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, ஒங்கள நம்பி இந்த வருசமும் விட்டேன். இவனெ மேல் கிளாஸுக்கு ஏத்துவாகளா மாட்டாகளா? ஒரு சேதி சொல்லுங்க. கீரமங்கலத்துப் பண்ணையில ஆடு பாக்க ஆளு கேக்குறாக. வெத்தலை ஏத்திக்கிட்டு அந்தப் பண்ணை வண்டி இன்னைக்கு இங்கிட்டுத்தான் வருது. இல்லேன்னா ஏத்தி விட்டுர்றேன். சோறாவது திம்பான்."

"வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வராரும்மா. அதுவரை பொறுங்க."

"பண்ணை வண்டி பொறுக்காதுங்க."

இப்போது இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். நல்லதா கெட்டதா என்று மரியசெல்வத்துக்குத் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் மூக்காயியின் சேலை தெரிந்தது. அவள் இன்னும் போகவில்லை.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் உள்ளே வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்தவர். கரிப்புகையில் அவருடைய வெள்ளைக் கோட்டு சாம்பல் நிறமாகியிருந்தது. அவரும் களைத்துப் போயிருந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது பள்ளிக்கூடம்.

"எல்லாரும் எந்திரிங்க," என்றாள் மரியசெல்வம்.

"வேண்டாம், உட்காரட்டும். தண்ணி இருக்கா?"

"வாளி... கொண்டுவரச் சொல்றேன் சார்."

"சரி விடுங்க." அவர் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தார். "என்னம்மா இது? ஹோலிப் பண்டிகையா?"

"வர்ணப் பாடம் சார். விரல் படியறதுக்காக."

"எழுதினாப் படியாதா?"

"எழுதறதுக்கு முன்னாடி பலப்பம் பிடிக்கத் தெரியணுமே சார். இந்தப் பிள்ளைங்க பிடி முஷ்டிப் பிடி. பெருவிரலும் அடுத்த ரெண்டு விரலும் சேர்ந்து வேலை செஞ்சாத்தான் எழுத்து நிக்கும். கோட்டுக்குள்ள பூசினா அது தானா வருது."

"தானா வருதோ?" ஆத்மநாதன் மேஜை மேலிருந்த தாள்களைப் புரட்டினார். கத்திரிக்காய், குடை, வெற்றிலை. "இதெல்லாம் மாசக்கணக்காப் பூசினது. பழகின உருவத்தைப் பூசறது பெரிசில்லே. புதுசா ஒண்ணு போடுங்க. அதைப் பூசட்டும். பார்த்துட்டு, யார் யாரை மேல ஏத்தலாம்னு நான் சொல்றேன்."

"என்ன போடட்டும் சார்?"

அவர் யோசித்தார். "வர வழியிலே ஐயனார் கோயில் மரத்தடியிலே வரிசையா மண் குதிரை நிக்குதே. அதையே போடுங்க. பிள்ளைங்க பார்த்ததுதானே?"

மரியசெல்வம் கஞ்சி போட்ட தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். தடித்த கால்கள், நிமிர்ந்த கழுத்து, கழுத்தில் மணி. குதிரை ஒன்றும் பிரமாதமாக வரவில்லை; கழுதை என்றாலும் நம்பலாம். ஆனாலும் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "குருத! குருத!" என்று குதூகலித்தார்கள். முகத்தில் ஒரு சின்ன வட்டம் வைத்தாள். மிளகை விடக் கொஞ்சம் பெரிசு.

"அதுதான்," என்றார் ஆத்மநாதன், விரலால் அந்த வட்டத்தைத் தொட்டு. "உடம்பை யார் வேணும்னாலும் பூசலாம். சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. இந்தக் கண்ணிலேதான் விரல் தெரியும். உடம்பு காவி, கண்ணுக்கு நீலம். கலக்கக்கூடாது. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

தாளுக்குத் தாள் வரைந்து முடித்தபோது அவளுடைய மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. கடைசிக் குதிரைக்கு மணி வைக்க மறந்துவிட்டாள். அது வீரய்யாவுக்குப் போயிற்று.

"குதிரைக்குக் காவி, கண்ணுக்கு நீலம். பொறுமையாப் பூசுங்க. கோடு தாண்டக்கூடாது," என்றாள்.

வகுப்பு அமைதியாயிற்று. குச்சிகள் கிண்ணத்தில் தோய்ந்தன. அடுத்த அறையில் பதினாறாம் வாய்ப்பாடு பாதி வழியில் விழுந்து மறுபடி முதலிலிருந்து கிளம்பியது.

மரியசெல்வம் வீரய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் இதே பையன் குச்சியைக் கைக்குள் முழுங்கிவிடுகிற மாதிரி பிடிப்பான். பூசணிக்காயைப் பூசச் சொன்னால் தரை, தொடை, பக்கத்துப் பிள்ளையின் பாவாடை எல்லாவற்றையும் பூசி, கடைசியில்தான் பூசணிக்குப் போவான். இன்று மணிக்கட்டு தரையில் ஊன்றியிருந்தது. மூன்று விரல்கள் குச்சியைப் பிடித்திருந்தன. நாக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதுகிலிருந்து ஆரம்பித்தான், வயிறு, கால், கழுத்து. நன்றாகத்தான் போகிறது என்று அவள் மனசு லேசாயிற்று.

முகத்துக்கு வந்தபோது அவன் மூச்சையே நிறுத்திவிட்டாற்போல் இருந்தது. குச்சியைக் கிண்ணத்து ஓரத்தில் வழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுத் தொட்டு வைத்தான். பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

கண் அப்படியே இருந்தது. காவியும் இல்லை, நீலமும் இல்லை.

மறந்துவிட்டானோ? மரியசெல்வம் அவன் பார்வையைப் பிடித்து, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். அவனும் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். சின்னப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் தானும் தொட்டாள். கண்ணோரம் காவி ஒட்டியது.

மரியசெல்வம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு பிள்ளையும் கண்ணைப் பூசவில்லை. உடம்பு முடித்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீலக் கிண்ணத்தை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

பரக்கத் நிஷா ஒருத்தியைத் தவிர. அவள் ஜெகதாப்பட்டினத்துக்காரி. அவள் வாப்பா போன கார்த்திகையில்தான் இங்கே வந்து துணிக்கடை வைத்தார். அவள் குச்சி நிறைய நீலத்தை அள்ளி வட்டத்தில் வைத்தாள். அது வழிந்து கன்னத்தில் இறங்கி, குதிரைக்குக் கத்திரிக்காய் அளவில் ஒரு கண் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பிள்ளை அதைப் பார்த்தாள். சத்தம் போடாமல் தன் பாயை இழுத்துக்கொண்டு அங்கிட்டு நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவனும் நகர்ந்தான்.

"சண்டை போடாதீங்க," என்றாள் மரியசெல்வம் அலுப்போடு.

"சண்டையில்ல டீச்சர்," என்றாள் சின்னப்பிள்ளை. வெள்ளைக் கோட்டுக்காரரைப் பார்த்தால் ஊர் நியாயத்துக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆத்மநாதன் எழுந்து வந்தார். முதல் வரிசை பார்த்தார். இரண்டாம் வரிசை பார்த்தார்.

"கண் எங்கே?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணுக்கு நீலம்னு டீச்சர் சொன்னாங்களே, காதிலே விழலியா? ம், எல்லாரும் பூசுங்க. நான் பார்க்கணும்."

ஒரு குச்சியும் எழவில்லை. பிள்ளைகள் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"பூசுங்கடா கண்ணுங்களா," என்றாள் மரியசெல்வம். குரல் கெஞ்சியது. "சுண்டைக்காய் பூசலியா? அதைவிட இது கஷ்டமா? சின்னப்பிள்ளை, நீ பூசும்மா."

"எனக்கு வேணாம் டீச்சர்."

"வேணாமா! பள்ளிக்கூடத்திலே வேணாம்னு ஒரு பதிலா?" ஆத்மநாதனுக்குக் குரல் ஏறியது. "கையாலாகலைன்னு சொல்லு. வர்ணம், விரல், பதம்னு பெரிசாச் சொன்னீங்களேம்மா. ஒரு மிளகு அளவு இடத்தைப் பூச ஒருத்தருக்கும் வரலே. பயந்து கையை ஒளிச்சுக்கறாங்க."

"அப்படி இல்லை சார். இதுக்கு முன்னாடி இதே மாதிரிச் சின்னதெல்லாம்..."

"முன்னாடி பூசினதை நான் பார்க்கலையே."

மரியசெல்வம் வீரய்யாவிடம் போய் உட்கார்ந்தாள். முட்டி நொறுங்கியதுபோல் சத்தம் போட்டது. இன்று காலை நாலு மணிக்கு எழுந்து தாள் தோய்த்தவள். அவளுக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. அதைவிடத் தன் மேல் வந்தது. ஈச்சங்குச்சியை நீலத்தில் தோய்த்து அவன் கையில் வைத்து, தன் கையால் அந்தக் கையைப் பிடித்துக் குதிரையின் முகத்துக்குக் கொண்டு போனாள்.

"ஒரே ஒரு பொட்டு வீரய்யா. டீச்சருக்காக."

அவன் கை இரும்பாயிற்று. ஐந்து விரலும் மடங்கிக் குச்சியை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டன. ஆவணி மாதத்துப் பிடி அப்படியே திரும்பி வந்துவிட்டது. அவள் இழுக்க, அவன் பின்வாங்க, குச்சி மளுக்கென்று ஒடிந்தது. பையன் சத்தமில்லாமல் அழுதான். மூக்கிலிருந்து ஒழுகியது வாய்க்குள் போயிற்று.

"விடுங்கம்மா," என்றார் ஆத்மநாதன் தலைக்கு மேலிருந்து. "இந்தப் பையன்தானே போன வருஷம் நண்டுத் தடம் போட்டவன்? முஷ்டிப் பிடியை நானே இப்போ கண்ணாலே பார்த்துட்டேன். இன்னும் என்ன?"

மரியசெல்வம் ஒடிந்த குச்சித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

அவர் பரக்கத் நிஷாவின் தாளைக் கையில் எடுத்தார். "இந்தப் பொண்ணு பேரென்ன? ... பரக்கத் நிஷா. இவளுக்காவது முயற்சி இருக்கு. வழிஞ்சிருக்கு, பரவாயில்லை. இவளை ஏத்திக்கோங்க. மத்தவங்க எல்லாரும் இன்னொரு வருஷம் இருக்கட்டும். இந்த வர்ணமெல்லாம் நாளையிலேருந்து வேண்டாம். பலப்பத்தைக் கொடுத்து எழுதச் சொல்லுங்க. யுத்த காலத்திலே தாளும் கஞ்சியும் வீணாக்கறதுக்கு இல்லே."

பரக்கத் நிஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவளும் அழ ஆரம்பித்தாள்.

வெளியே மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது. சலங்கை ஒலி வேலியோரம் வந்து நின்றது. மூக்காயி வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாள். அதிகாரியைக் கண்டதும் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"டீச்சரம்மா... வண்டி வந்துருச்சுங்க. என்னாச்சுங்க?"

மரியசெல்வம் தலையை அசைத்தாள். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஆனால் மூக்காயி அந்த மாதிரித் தலையசைப்புகளைப் பார்த்துப் பழகியவள்.

"சரிங்க," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "ஒங்களால ஆனதெப் பாத்தீக. அவன் கை அம்புட்டுத்தான். ஆட்டுக்குக் கொழை ஒடிக்கக் கை போதும். எலே வீரய்யா, மூக்கெத் தொடச்சுக்கிட்டு வாடா. வண்டிக்காரரு காத்துக்கிட்டுருக்காரு."

வீரய்யா எழுந்தான். எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவில்லை.

ஆத்மநாதன் மேஜை முன்னால் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மை அடைத்திருந்தது. உதறினார். மறுபடி உதறினார்.

மரியசெல்வம் தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஏதாவது செய்துகொண்டிருந்தால் அழுகை வராது என்பது அவள் இந்த ஊரில் கண்டுபிடித்த ஒன்று. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அடுப்புக்காவது ஆகும். மணி இல்லாத குதிரை கடைசியில் கைக்கு வந்தது. மடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

செய்தித்தாளில் அச்சடித்த எழுத்துக்கள் எல்லாம் குதிரையின் காவிக்கு அடியில் மங்கிப் போயிருந்தன. கண் வட்டத்துக்குள் மட்டும் 'கு' என்ற ஒரே ஓர் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வட்டத்தின் விளிம்பு வரை காவி வந்திருந்தது. விளிம்பில் இடைவெளி கிடையாது. அதைத் தாண்டி உள்ளே ஒரு புள்ளிகூட விழவில்லை. மென்ற ஈச்சங்குச்சியால், ஒழுகும் காவியால், மிளகளவு இடத்தை மிச்சம் வைத்துச் சுற்றிலும் பூசியிருக்கிறான் பையன். அவளிடம் கொடுத்தால் அவளுக்கே வந்திருக்காது.

மற்றத் தாள்களைப் பிரித்துப் பார்த்தாள். சின்னப்பிள்ளையுடையது. அவளுக்கு அடுத்தவனுடையது. அதற்கும் அடுத்தது. பரக்கத் நிஷாவுடையது தவிர எல்லாக் குதிரையிலும் கண் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

வீரய்யா வாசற்படியை அடைந்திருந்தான். மூக்காயி அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

"வீரய்யா."

அவன் திரும்பினான்.

மரியசெல்வம் தாளை எடுத்துக்கொண்டு போய், அவன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"டீச்சர் அடிக்க மாட்டேன். கோவமும் இல்லை. ஏம்ப்பா கண்ணை மட்டும் விட்டுட்டே? பயமா இருந்துச்சா? கை வரலியா?"

பையன் அம்மாவைப் பார்த்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். பேனாவை உதறுவது நின்றிருந்தது. அடுத்த அறையிலும் என்னவோ வாய்ப்பாடு ஓய்ந்திருந்தது.

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதுகூடத் தெரியாதா என்ற வியப்போடு சொன்னான்:

"குருதைக்குக் கண்ணு கோயில்ல கெடா வெட்டுனதுக்கப்புறம் அதெச் செஞ்ச வேளாரு தாத்தாதான தொறக்கணும் டீச்சர்? முன்னாடியே வச்சா அது எந்திரிச்சு ஊருக்குள்ள ஓடிப் போயிரும்ல... அதான் ஒரு சொட்டுக்கூட உள்ள விழுந்துறாம, கை ஆடாமச் சுத்திச் சுத்தி வந்தேன்."